127 என்பது வேகமன்று: சிறு மோட்டார்களின் கட்டுப்பாட்டு வரலாறு

இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் எந்திரனியல் பயிலரங்கு நடக்கும் கூடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மஞ்சள் நெகிழிக் கூட்டுக்குள் பல்சக்கரங்களோடு அமைந்த, கடைகளில் ‘பிஓ மோட்டார்’ என்று கேட்டு வாங்கப்படும் சிறு மோட்டார்கள் இரண்டு, ஓர் ஆர்டுயினோ பலகை, எல்298 சில்லு பொருத்திய இயக்கிப் பலகை, ஒரு பேட்டரி. மாணவர் நிரலில் 127 என்று எழுதுகிறார். 0 முதல் 255 வரையிலான அளவுகோலில் அது ஏறத்தாழப் பாதி. ஆகவே அது ‘பாதி வேகம்’ என்று அவருக்குச் சொல்லித்தரப்படுகிறது. வண்டி சமதளத்தில் ஓடுகிறது; சாய்தளத்தில் ஏறும்போது தளர்ந்து நின்றுவிடுகிறது. இரு மோட்டார்களுக்கும் ஒரே எண்ணைத் தந்தாலும் நேராகச் செல்லாமல் ஒரு பக்கமாக வளைகிறது. எண்ணை 50ஆகக் குறைத்தால் சக்கரம் அசையாமல் மோட்டார் ரீங்காரம் மட்டும் இடுகிறது.

பழுது எந்த உறுப்பிலும் இல்லை. 127 என்பது வேகத்தின் பெயர் அன்று என்பதே இதற்கு விளக்கம். ஒரு மின் விசை எவ்வளவு நேரம் மூடியிருக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதற்கான கட்டளை மட்டுமே அது. அந்தக் கட்டளைக்கும் உண்மையான சுழற்சி வேகத்துக்கும் இடையே சுமை, உராய்வு, கம்பிச் சுருளின் மின்தடை, பேட்டரியின் தளர்ச்சி ஆகிய அனைத்தும் குறுக்கிடுகின்றன. இந்த இடைவெளியைக் கடக்க நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்த முயற்சிகளின் தொகுப்பே நேர்த்திசை மின்னோட்ட மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டு வரலாறு. அதில் மூன்று படிநிலைகளைத் தெளிவாகப் பிரித்துக் காணலாம்: மிகுதியான ஆற்றலை எரித்தல், தேவையான மின்னழுத்தத்தை மட்டும் தருதல், சுழலும் மோட்டாரிடமே அதன் வேகத்தைக் கேட்டறிதல். மூன்றாவது படிநிலையைப் பற்றியே இன்றைய பயிலரங்குகளில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது.

மோட்டாருக்குள் ஒரு மின்னியற்றி

மின் மோட்டார் தொடக்கத்திலேயே பொம்மையோடு உறவு கொண்டது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக் கொல்லர் தாமஸ் டாவென்போர்ட் 1837இல் மின் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். வட்டத் தண்டவாளத்தில் ஓடும் சிறு மாதிரி வண்டி ஒன்றையும் அவர் செய்து காட்டியிருந்தார். துத்தநாகத்தைத் தின்னும் மின்கலங்களின் செலவு அவரது கண்டுபிடிப்பைத் தொழிற்சாலைக்குள் நுழையவிடவில்லை.

நிலைமை மாறியது 1873இல். வியன்னா உலகக் கண்காட்சியில் செனோப் கிராம் வடிவமைத்த மின்னியற்றிகள் வைக்கப்பட்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்த ஒரு மின்னியற்றியின் முனைகள் மற்றொன்றோடு இணைக்கப்பட்டதும், இரண்டாவது பொறி தானே சுழலத் தொடங்கியது. இது தற்செயலாக நேர்ந்தது என்றே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. எப்படி நேர்ந்திருந்தாலும், மோட்டாரும் மின்னியற்றியும் ஒரே பொறியின் இரு நிலைகள் என்பது அங்கே பலரது கண்முன் உறுதியானது.

வேகக் கட்டுப்பாட்டின் முழு இயற்பியலும் இந்த உண்மைக்குள் அடங்கியிருக்கிறது. சுழலும் மோட்டார் அதே நேரத்தில் மின்னியற்றியாகவும் செயற்பட்டு, தன்னை இயக்கும் மின்னழுத்தத்துக்கு எதிராக ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. இதுவே எதிர் மின்னியக்கு விசை. வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. தரப்பட்ட மின்னழுத்தத்துக்கும் எதிர் மின்னியக்கு விசைக்கும் உள்ள வேறுபாடே ஆர்மேச்சர் வழியே மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அந்த மின்னோட்டமே திருப்பு விசையைத் தருகிறது. சுமை கூடினால் வேகம் சற்றுக் குறையும்; எதிர் விசை தாழும்; மின்னோட்டம் பெருகும்; புதிய சமநிலை உண்டாகும். மோட்டாரின் வேகம் வெளியிலிருந்து இடப்படும் ஆணையால் மட்டும் அமைவதில்லை. சுமையோடு ஒவ்வொரு கணமும் நடக்கும் பேரத்தின் முடிவு அது.

எரித்துக் குறைத்த காலம்

1888இல் பிராங்க் ஸ்பிரேக் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் மின் டிராம் வண்டிகளை ஓடச் செய்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் உலகின் பெருநகரங்கள் பலவற்றில் டிராம் கம்பிகள் விரிந்தன. கொல்கத்தாவில் 1902இல் குதிரை டிராம்களின் இடத்தில் மின் டிராம்கள் ஓடத் தொடங்கின. மும்பையில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினசுக்கும் குர்லாவுக்கும் இடையே 1500 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டத்தில் இந்தியாவின் முதல் மின்தொடர்வண்டி ஓடியது.

இவ்வண்டிகளின் வேகக் கட்டுப்பாடு மின்தடையையே நம்பியிருந்தது. டிராம் ஓட்டுநர் கைப்பிடியை ஒவ்வொரு படியாகத் திருப்பும்போது மோட்டாரோடு தொடராக இணைந்த மின்தடைகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. முதலில் இரு மோட்டார்களைத் தொடர் இணைப்பிலும், பிறகு பக்க இணைப்பிலும் வைப்பதன் மூலம் பாதி மின்னழுத்தமும் முழு மின்னழுத்தமும் இழப்பின்றிக் கிடைத்தன. ஏனைய இடைநிலைகளில் எல்லாம் மிகுதி ஆற்றல் வெப்பமாயிற்று. வண்டியின் உடலில் பொருத்தப்பட்ட இரும்புத் தடைச் சட்டங்கள் அந்த வெப்பத்தைக் காற்றில் கலந்தன.

ஆற்றல் விரயம் இம்முறையின் ஒரு குறை மட்டுமே. அதைவிட ஆழமான குறையை ஒரு சிறு கணக்கு காட்டும். 12 வோல்ட் மூலத்தோடு 6 ஓம் மின்தடை வழியாக ஒரு சிறு மோட்டார் இணைக்கப்பட்டிருக்கிறது. அது 1 ஆம்பியர் எடுக்கிறது எனக் கொள்வோம். மின்தடையில் 6 வோல்ட் இழக்கப்படுகிறது. மோட்டாருக்கு 6 வோல்ட் கிடைக்கிறது. 6 வாட் பயனின்றி எரிகிறது. இப்போது சுமை இரட்டிப்பாகிறது. அதைச் சுமக்க 2 ஆம்பியர் வேண்டும். ஆனால் 2 ஆம்பியர் பாய்ந்தால் மின்தடையே முழு 12 வோல்ட்டையும் விழுங்கிவிடும். மோட்டாருக்கு எதுவும் மிஞ்சாது, அது நின்றுவிடும்.

அதே மோட்டாரின் உள்தடை 1 ஓம் என்றும், மின்தடைக்கு மாற்றாக உறுதியான 6 வோல்ட் மூலம் நேரடியாகத் தரப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 1 ஆம்பியரில் எதிர் மின்னியக்கு விசை 5 வோல்ட். 2 ஆம்பியரில் 4 வோல்ட். வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், மோட்டார் நிற்காது. இரு முறைகளிலும் தொடக்க வேகம் ஒன்றே. சுமை வரும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது. வேகத்தைக் குறைப்பது எளிது, குறைத்த வேகத்தைக் காப்பது கடினம் என்பதைப் பொறியாளர்கள் இங்கேதான் கற்றார்கள்.

வார்டு லியோனார்டின் மூன்று பொறிகள்

அமெரிக்கப் பொறியாளர் ஹாரி வார்டு லியோனார்டு 1891இல் முன்வைத்த முறை இந்தக் கடினத்துக்கான முதல் முழுமையான விடை. ஒரு மோட்டார் நிலையான வேகத்தில் ஒரு மின்னியற்றியைச் சுழற்றும். அம்மின்னியற்றியின் மின்சாரம் வேலை செய்யும் மோட்டாருக்குச் செல்லும். மின்னியற்றியின் புலச்சுருளில் பாயும் சிறிய மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் பெரிய மோட்டாருக்குச் செல்லும் மின்னழுத்தத்தைச் சுழியிலிருந்து உச்சம் வரை மாற்றலாம், திசையைக்கூடத் திருப்பலாம். மின்தூக்கிகள், உருக்காலை உருட்டாலைகள், சுரங்க ஏற்றப் பொறிகள், போர்க்கப்பல் பீரங்கி மேடைகள் ஆகியவற்றில் இம்முறை நீண்ட காலம் கோலோச்சியது.

அதன் விலை ஒரு மோட்டாரின் வேலைக்கு மூன்று பொறிகள் என்பது. உருக்காலை அதைத் தாங்கும், பொம்மை தாங்காது. ஆகவே பெரிய மோட்டார்களின் உலகம் மின்தடையைக் கைவிட்டுச் சென்ற பிறகும் சிறிய மோட்டார்களின் உலகம் மின்தடையிலேயே தங்கியது. பொம்மைத் தொடர்வண்டிகளையும் பந்தயக் கார்களையும் மாறு மின்தடைகளே நெடுங்காலம் கட்டுப்படுத்தின. 1980களில் தமியா நிறுவனம் விற்ற வானொலிக் கட்டுப்பாட்டுக் கார்களிலும் படிநிலை விசையோடு இணைந்த சூடேறும் மின்தடையே வேகத்தைக் குறைத்தது. கொல்கத்தா டிராமின் தடைச்சட்டத்துக்கும் அந்தக் காரின் பீங்கான் தடைக்கும் கொள்கை அளவில் வேறுபாடில்லை.

இதற்கிடையே சிறு மோட்டாரின் உடலமைப்பு மாறியிருந்தது. ஜப்பானில் மபுச்சி கெனிச்சி 1947இல் குதிரை லாட வடிவ நிலைக்காந்தம் கொண்ட சிறு மோட்டாரை உருவாக்கினார். பொம்மைகளுக்கான இத்தகைய மோட்டார்கள் பின்னர்ப் பெருமளவில் உற்பத்தியாயின. புலச்சுருளின் இடத்தை நிலைக்காந்தம் பிடித்தது வேகக் கட்டுப்பாட்டை இரு வகையில் பாதித்தது. காந்தப் புலத்தை மாற்றி வேகத்தை மாற்றும் பழைய வழி அடைபட்டது. மின்னழுத்தம் ஒன்றே கைப்பிடியாக எஞ்சியது. இன்னொரு வகையில் அது பெரும் நன்மை: புலம் மாறாததால் எதிர் மின்னியக்கு விசை வேகத்துக்கு நேர்விகிதத்தில் அமைந்தது. அதை அளக்க முடிந்தால் தனி வேகமானி எதுவும் தேவையில்லை.

வேகத்தைக் கேட்டறிந்தவர்கள்

வேகத்தை அறிந்து அதற்கேற்ப ஆற்றலைத் திருத்தும் எண்ணம் மின்சாரத்துக்கு முந்தையது. ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவிப் பொறியில் பொருத்திய மையவிலக்கு ஆளுகருவியும், அத்தகைய கருவிகளின் நிலைப்புத்தன்மையை ஆராய்ந்து 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் வெளியிட்ட கட்டுரையும் கட்டுப்பாட்டியல் வரலாற்றின் அறியப்பட்ட மைல்கற்கள்.

அதே எண்ணம் சிறு மின் மோட்டாரின் அச்சிலும் ஏறியது. சுழலும் வட்டில் ஒரு சுருள்வில்லும் ஒரு தொடுமுனையும் பொருத்தப்பட்டன. வேகம் குறித்த அளவைத் தாண்டினால் மையவிலக்கு விசையால் தொடுமுனை விலகி மின்னோட்டம் அறுபடும் அல்லது ஒரு மின்தடை வழியே குறையும். வேகம் தாழ்ந்தால் தொடுமுனை மீண்டும் சேரும். தொலைஅச்சுப் பொறிகளின் மோட்டார்களில் இத்தகைய ஆளுகருவிகள் இருந்தன. அனுப்பும் பொறியும் பெறும் பொறியும் ஒத்த வேகத்தில் சுழலாவிட்டால் எழுத்துகள் சிதைந்துவிடும். தொழில்நுட்பர்கள் இசைக்கவையை அதிரவிட்டு, அதன் கிளைகளில் உள்ள பிளவு வழியே ஆளுகருவியின் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்ப்பார்கள். கோடுகள் நின்றுவிட்டதுபோல் தோன்றும்வரை திருகைத் திருத்துவார்கள்.

இந்த எளிய தொடுமுனை வரலாற்றாசிரியரின் கவனத்துக்கு உரியது. அது மின்சாரத்தை வேகமாக வெட்டி ஒட்டுகிறது. வெட்டும் விகிதத்தைச் சுமைக்கேற்பத் தானே மாற்றுகிறது. இன்றைய மின்னணுவியல் இரண்டு தனிப் பாடங்களாகக் கற்பிக்கும் துடிப்பு அகலக் கட்டுப்பாடும் பின்னூட்டமும் அதில் ஒரே உறுப்பாக இணைந்திருந்தன.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிப்பேழை, இச்சிக்கலை வீட்டுக்குள் கொண்டுவந்தது. நாடா நொடிக்கு 4.76 செ.மீ. என்ற வேகத்தில் ஓட வேண்டும். சிறிது பிசகினாலும் பாடலின் சுருதி மாறிவிடும். தொடக்ககாலக் கருவிகள் பலவற்றில் தொடுமுனை ஆளுகருவி இருந்தது. பின்னர் மோட்டாரின் உலோகக் கூட்டுக்குள்ளேயே ஒரு சிறு மின்னணுச் சுற்று இடம்பெற்றது. மபுச்சியின் இஜி-530 போன்ற, நிமிடத்துக்கு 2400 சுற்றுகளுக்கென அமைந்த மோட்டார்கள் இவ்வகையின. அச்சுற்று, ஆர்மேச்சரின் மின்தடையில் ஏற்படும் இழப்பை ஒரு சமனச் சுற்றால் கழித்து, எஞ்சும் எதிர் மின்னியக்கு விசையை நிலையாகக் காத்தது. அதாவது மோட்டார் தன் வேகத்தைத் தானே சொன்னது. சுற்று அதைக் கேட்டுத் திருத்தியது.

1980களில் ஒலிப்பேழை இந்தியச் சிற்றூர்கள்வரை பரவியபோது இந்த மோட்டாரும் உடன் பரவியது. பாட்டு இழுத்தால் மோட்டாரின் பின்புறத் துளைக்குள் மெல்லிய திருப்புளியை விட்டுச் சற்றே திருப்புவது பழுதுபார்ப்பவர்களின் அன்றாட வேலை. பழைய டேப்ரெக்கார்டரிலிருந்து அதைக் கழற்றி எடுத்த பொழுதுபோக்காளர்களுக்கோ அது புதிராக இருந்தது: மின்னழுத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஏறத்தாழ ஒரே வேகம், முனைகளை மாற்றினால் எதிர்த்திசையில் சுழல மறுப்பு. அதைச் ‘சாதாரண’ மோட்டாராக்கக் கூட்டைத் திறந்து உள்ளிருந்த சிறு பலகையை அகற்றிவிடுவது பரவலான வழக்கமாயிற்று. தம் வண்டி சாய்தளத்தில் நிற்காமல் இருக்க எந்த அறிவு தேவையோ, அதையே அவர்கள் வெட்டி எறிந்தார்கள்.

வெட்டிக் கொடுக்கும் கலை

மூடியிருக்கும் நேரத்துக்கும் திறந்திருக்கும் நேரத்துக்கும் உள்ள விகிதத்தால் சராசரி மின்னழுத்தத்தை ஆளலாம் என்பது டிரான்சிஸ்டருக்கு முன்பே தெரிந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்நிலையங்களில் பயன்பட்ட டிரில் சீராக்கி, அதிரும் தொடுமுனைகளால் இதைச் செய்தது. தீப்பொறியாலும் தேய்மானத்தாலும் தொடுமுனைகளின் ஆயுள் குறைவு. தேய்மானமற்ற விசை வேண்டியிருந்தது.

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் 1957இல் உருவான தைரிஸ்டர் பெரிய மோட்டார்களுக்கு அதைத் தந்தது. வார்டு லியோனார்டின் சுழலும் பொறிகள் படிப்படியாக விடைபெற்றன. சிறிய மோட்டார்களுக்கு அதைத் தந்தவை மலிவான டிரான்சிஸ்டர்களும், ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்து 1972இல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த 555 காலக்கணிப்புச் சில்லும். 1969இல் தில்லியில் தொடங்கிய ‘எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ போன்ற இதழ்கள் வழியே இத்தகைய சுற்றுகள் இந்திய மாணவர்களின் மேசைகளை அடைந்தன.

விசை முழுமையாக மூடியிருக்கும்போது அதன் குறுக்கே மின்னழுத்தம் மிகக் குறைவு. திறந்திருக்கும்போது மின்னோட்டம் இல்லை. இரு நிலைகளிலும் விசையில் எரியும் ஆற்றல் சொற்பம். ஆர்மேச்சர் சுருளின் மின்தூண்டல் துடிப்புகளுக்கு இடையே மின்னோட்டத்தைத் தொடரச் செய்கிறது. மோட்டாரின் குறுக்கே எதிர்த்திசையில் பொருத்திய டையோடு அதற்கு வழிவிடுகிறது. அந்த டையோடு இல்லையேல், அறுபட முயலும் மின்னோட்டம் உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கி டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். விளைவாக மோட்டார் உணர்வது ஏறத்தாழ உறுதியான, குறைந்த மின்னழுத்தத்தை. மூன்று பொறிகள் செய்த வேலையைச் சில ரூபாய் விலையுள்ள உறுப்புகள் செய்தன.

இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005இல் பிறந்த ஆர்டுயினோ, அந்த வேலையை ஒற்றை எண்ணாகச் சுருக்கியது. ஊனோ பலகையின் பெரும்பாலான துடிப்பு முனைகளில் அதிர்வு ஏறத்தாழ 490 ஹெர்ட்ஸ். மாணவர் கேட்கும் ரீங்காரம் அதுவே. எளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. பயிலரங்குகளில் பெரிதும் புழங்கும் எல்298 இருமுனை டிரான்சிஸ்டர்களால் ஆனது. 1 ஆம்பியர் பாயும்போது அதிலேயே ஏறத்தாழ 2 வோல்ட் இழக்கப்படுகிறது. 6 வோல்ட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு சில்லின் வெப்பத் தகட்டில் எரிந்துபோகிறது. டிராமின் தடைச்சட்டம் சிறு உருவில் திரும்பி வந்ததுபோல்தான் இது. குறைந்த இழப்புள்ள மாஸ்ஃபெட் இயக்கிகள் கிடைக்கும் காலத்திலும் பழக்கம் எல்298ஐ விடவில்லை.

துடிப்புகளின் இடைவெளியில்

இழந்த பின்னூட்டத்தை மீட்டெடுத்தவர்களுள் மாதிரித் தொடர்வண்டி ஆர்வலர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்தின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு 1990களில் அமெரிக்கத் தேசிய மாதிரி இருப்புப்பாதைச் சங்கம் எண்முறைக் கட்டுப்பாட்டுத் தரத்தை வகுத்தது. அதையொட்டி வளர்ந்த வண்டிச் சில்லுகள் பலவற்றில் ஒரு நுட்பம் இடம்பெற்றது. துடிப்புகளுக்கு இடையே மின்சாரத்தைச் சற்று நிறுத்தி, சுருளின் மின்னோட்டம் அடங்கியதும், மோட்டாரின் முனைகளில் உள்ள மின்னழுத்தத்தை அளப்பது. அந்தக் கணத்தில் மோட்டார் வெறும் மின்னியற்றி, அது தருவது எதிர் மின்னியக்கு விசை மட்டுமே, அதுவே வேகம். வண்டி மேட்டில் ஏறினால் அளவு தாழும். சில்லு துடிப்பை அகலப்படுத்தும். பொம்மை எஞ்சின் ஆமை வேகத்திலும் நில்லாமல் ஊர்ந்து செல்லும். 1873இல் வியன்னாவில் வெளிப்பட்ட உண்மை, உள்ளங்கையில் அடங்கும் எஞ்சினுக்குள் நொடிக்குப் பலமுறை பயன்படுத்தப்படுகிறது.

இந்திய மின்பொறியியல் பாடத்திட்டங்களில் வார்டு லியோனார்டு முறை இன்றும் இடம்பெறுகிறது; பெரும்பாலும் தேர்வுக்கு வரைந்து பழகும் படமாக. அதே கல்லூரியின் மற்றொரு கூடத்தில் எந்திரனியல் மாணவர்கள் 127 என்று எழுதிவிட்டு வண்டி வளைவதற்குக் காரணம் தேடுகிறார்கள். முதற்கூடத்தில் வரலாறு உண்டு, அதற்கான பயன் தெரிவதில்லை. இரண்டாவதில் பயன் உண்டு, அதன் வரலாறு தெரிவதில்லை. தொழில்நுட்ப வரலாறு பெரும்பொறிகளையே பின்தொடர்ந்து எழுதப்பட்டதும் இப்பிரிவுக்கு ஒரு காரணம். டிராமும் உருக்காலையும் நூல்களில் இடம்பெற்ற அளவுக்கு டேப்ரெக்கார்டர் மோட்டாரின் பின்புறத் துளை இடம்பெறவில்லை.

இரு கூடங்களையும் இணைக்கப் பெரும் செலவு ஆகாது. ஒரு சிறு மோட்டார், ஒரு 6 ஓம் மின்தடை, ஒரு மாஸ்ஃபெட், ஒரு டையோடு, ஓர் ஆர்டுயினோ போதும். முதலில் மின்தடையால் வேகத்தைக் குறைத்து அச்சை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும், அது நின்றுவிடும். பிறகு துடிப்புகளால் அதே வேகத்துக்குக் குறைத்து அதே அளவு அழுத்த வேண்டும்; தளரும், ஆனால் சுழலும். கடைசியாக, துடிப்பை ஓரிரு மில்லிநொடி நிறுத்தி மோட்டார் முனைகளின் மின்னழுத்தத்தை ஆர்டுயினோவின் அளவீட்டு முனையால் படித்து, அதற்கேற்ப 127ஐ நிரலே மாற்றிக்கொள்ளச் செய்ய வேண்டும். விரல் அழுத்தும்போது அந்த எண் 140, 160, 190 என ஏறுவதைத் திரையில் காணும் மாணவருக்கு, வேகம் என்பது எழுதிய எண் அன்று, எண் மாறியதால் மாறாமல் நின்றது என்பது விளங்கும்.